வெக்ஸ் போத்தலின் விலையும் துடைக்கிற துணியின் விலையும்



பெருநாள் நெருங்கினால் ஊரிலுள்ள சேர்விஸ் ஸ்டேஷன்களில் வரிசைதான். பொடி வொஷ் மட்டும் போதுமா, கட் அன்ட் பொலிஷ் அடிப்பதா, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த செரமிக் ஸ்பிரேயை வாங்குவதா என்று ஆசிரியர் ஓய்வறையிலும் இதே பேச்சு. "சலவைத்தூளும் பழைய சாரமும் வீட்டில இருக்க எதுக்குடா காசக் கொட்டுறீங்க" என்பார்கள் மூத்தவர்கள். "காக்கா, விலை கூடின சாமான்தான் பெயின்டுக்கு நல்லம்" என்பார்கள் இளையவர்கள். இரண்டு பக்கமும் பாதிதான் சரி. காசு போட வேண்டிய இடத்தில் மிச்சம் பிடிக்கிறோம், மிச்சம் பிடிக்க வேண்டிய இடத்தில் காசு போடுகிறோம். இதுதான் என் கருத்து.

கார் கழுவுவதற்கு ஒரு பதிவா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் பெரிய வரியோடு. இடையில் 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதையும் பார்த்தோம். நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர் வீடுகளில், வளவுக்கும் வீட்டுக்கும் அடுத்த பெரிய சொத்து வாசலில் நிற்கிற அந்தப் பழைய அல்டோவோ விட்ஸோ ஓட்டோவோதான். சிலருக்கு அதன் லீசிங் இன்னும் முடியவில்லை. விற்கப் போகும்போது வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதும் பெயின்டைத்தான். அதனால் இது அழகு சம்பந்தப்பட்ட விசயம் மட்டுமல்ல.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆகவே பெயின்ட் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்குகிறேன். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு படை இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பைத் தருவதும், வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். அதன் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். நமது தலைமயிர் ஒன்றின் தடிப்பே ஏறக்குறைய 70 மைக்ரோன். அதாவது, மயிரை விட மெல்லிய ஒரு படைதான் பத்துப் பதினைந்து வருடம் வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்குகிறது. அது தேய்ந்தால் திரும்ப வளராது. எந்தப் பொருளை வாங்குவது என்றாலும், இந்தப் படைக்கு அது என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி.

அந்தப் படைக்கு மிகப் பெரிய எதிரி மலிவான ஷெம்பு இல்லை. துணியில் ஒட்டியிருக்கிற மணல். நமது ஊர் கரையோர ஊர். காற்றே மணலைக் கொண்டுவந்து பொனட்டில் போடுகிறது. காலையில் பாடசாலைக்குப் போகுமுன் காய்ந்த துணியால் ஒரு தட்டுத் தட்டித் துடைக்கிறோமே, அப்போது அந்த மணலையே அரத்தாள் போல இழுக்கிறோம். கறுப்புக் காரை வெயிலில் சாய்த்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். அவற்றில் பெரும்பாலானவை வீதியில் விழுந்தவை அல்ல, நமது கையால் விழுந்தவை.

ஆகவே காசு போட வேண்டிய முதல் இடம், பெயின்டைத் தொடுகிற துணி. நல்ல மைக்ரோபைபர் துணி மூன்று நான்கு போதும். அதன் நுண்ணிய இழைகள் தூசியை உள்ளே வாங்கிக்கொள்ளும். பழைய சாரமும் பெனியன் துணியும் தூசியை மேலேயே வைத்துத் தேய்க்கும், தையல் விளிம்பும் கீறும். வாங்கும்போது தடித்ததாக, விளிம்பு மென்மையாக இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். லேபிள் இருந்தால் கழற்றிவிடுங்கள். ரிம்முக்கு ஒரு நிறம், பொடிக்கு ஒரு நிறம், உள்ளுக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்தால் மாறாது. துவைக்கும்போது உடுப்புக்குப் போடுகிற வாசனை மென்மையாக்கி வேண்டாம், இழைகள் அடைத்துவிடும். நிலத்தில் விழுந்த துணியை அலசாமல் திரும்பப் பெயின்டில் வைக்கவே கூடாது. மலிவான மைக்ரோபைபர் துணியும் வீணில்லை. அது ரிம்முக்கும் கதவின் உள் விளிம்புகளுக்கும் போகட்டும்.

அடுத்தது இரண்டு வாளி. ஒன்றில் ஷெம்புத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். முதலில் காரில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிவிட்டு, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷெம்புவில் நனைக்க வேண்டும். ஒரு வாளியின் விலையில் கிடைக்கிற இந்தப் பாதுகாப்பை எந்த விலை கூடின போத்தலும் தராது. பைப்பைத் திறந்துவிட்டு அரை மணித்தியாலம் கழுவுவதை விடத் தண்ணீரும் எவ்வளவோ மிச்சம். கோடையில் கிணறு இறங்கிக் கிடக்கும்போது அந்த வீண்விரயத்தையும் யோசிக்க வேண்டும்.

இப்போது ஷெம்பு. இங்கே நான் மலிவின் பக்கம். ஒரு சின்னக் கணக்கு. ஒரு லீற்றர் 800 ரூபா, ஒரு தடவைக்கு 50 மில்லி லீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 தடவை கழுவலாம், ஒரு தடவைக்கு 40 ரூபா. மற்றது லீற்றர் 5,000 ரூபா, செறிவு கூடியது, 20 மில்லி போதும் என்போம். 50 தடவை, ஒரு தடவைக்கு 100 ரூபா. போத்தல் விலையில் ஆறு மடங்குக்கு மேல் தெரிந்த வித்தியாசம், கழுவுகிற கணக்கில் இரண்டரை மடங்காகக் குறைந்துவிட்டது. ஆகவே போத்தலின் விலையைப் பார்க்காமல், எத்தனை மில்லி கலக்க வேண்டும் என்று பின்பக்கத்தைப் படியுங்கள். அப்படியும் கிழமைக்கு ஒரு தடவை கழுவுகிறவருக்கு வருடத்தில் ஏறக்குறைய 3,000 ரூபா வித்தியாசம் வரும். அந்த 3,000 ரூபாவை நல்ல துணிக்குப் போட்டால் கார் கூடுதலாகப் பயன்பெறும்.

ஆனால் மலிவு என்பதற்கும் சலவைத்தூளுக்கும் வித்தியாசம் இருக்கிறது. சலவைத்தூள் கரைசல் நல்ல காரத்தன்மை உள்ளது, pH என்கிற அளவையில் 10 இற்குக் கிட்ட வரும். பூசியிருக்கிற வெக்ஸை அது கழற்றிவிடும், ரப்பர் பீடிங்குகளையும் மெல்ல மெல்ல வறட்டும். கரையாத தூள் இருந்தால் அதுவும் கீறும். பாத்திரம் கழுவுகிற திரவம் எண்ணெயை எடுக்கச் செய்யப்பட்டது, அதனால் வெக்ஸையும் எடுத்துவிடும். ஒரு நாள் அவசரத்துக்குப் போட்டால் பெயின்ட் உரியாது, பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிழமையும் அதையே போட்டால் போன மாதம் வெக்ஸுக்குக் கொடுத்த காசு கானோடு போய்விடும். உள்ளூரில் கிடைக்கிற சாதாரண கார் ஷெம்பு தாராளமாகப் போதும்.

வெக்ஸும் அப்படித்தான். கார்னோபா வெக்ஸ் என்பது பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. பேர்போன கொம்பனியுடையது என்றாலும் சாதாரணமானது என்றாலும், நமது வெயிலில் ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பகுதி போய்விடும். விலை கூடினதை வருடத்தில் ஒரு தடவை பூசுவதை விட, விலை குறைந்ததை இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பூசுவது நல்லம். பூசுவதற்கு ஒரு மணித்தியாலம்தான் செல்லும்.

செரமிக் கோட்டிங் பற்றி விளம்பரங்களில் "9H கடினம்" என்று போடுகிறார்கள். வைரத்துக்கு அடுத்த கடினம் என்று சில தம்பிமார் விளங்கிக்கொள்கிறார்கள். வைரம் 10 ஆக இருப்பது மோஸ் அளவுகோலில். இந்த 9H என்பது பென்சில் சோதனை, H, 2H, HB என்று பென்சிலில் போட்டிருக்கிறதே அந்த வரிசை. அந்தப் பென்சில் கீறவில்லை என்பதுதான் அர்த்தம். மணலுக்கும் சாவிக்கும் அது தடையாகாது. முறையாகச் செய்த கோட்டிங் வீண் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் வழுக்கி ஓடும், அழுக்குச் சுலபமாகப் போகும், சில வருடம் நிற்கும். புதிய பெயின்டுக்கு, வசதி உள்ளவர் செய்யலாம். ஆனால் கீறல் விழுந்த பெயின்டில் அப்படியே பூசினால் கீறலையும் சேர்த்துத்தான் மூடி வைக்கிறோம். ஸ்பிரே போத்தலில் வருவதும் கடையில் செய்கிற கோட்டிங்கும் ஒன்றல்ல, ஸ்பிரேக்கு வெக்ஸை விடக் கொஞ்சம் கூடின ஆயுள் என்று நினைத்து வாங்குங்கள்.

என்னைக் கூடுதலாகக் கவலைப்படுத்துவது ஒவ்வொரு பெருநாளைக்கும் அடிக்கிற கட் அன்ட் பொலிஷ். பெயரிலேயே இருக்கிறது, கட் என்றால் வெட்டுவது. கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து மட்டமாக்குகிறது. அதனால்தான் பளபளக்கிறது. வாகனத்தின் ஆயுளில் இரண்டு மூன்று தடவை கவனமாகச் செய்வதற்குத்தான் அந்தப் படையில் இடம் இருக்கிறது. வருடா வருடம் மெஷினைப் போட்டால், முதலில் விளிம்புகளிலும் கூரையிலும் வெள்ளைத் திட்டு விழும், பிறகு பெயின்ட் செதிலாக உரியும். அப்புறம் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை. காய்ந்த துணியால் கீறலைப் போட்டு, அந்தக் கீறலை எடுக்க ஆயிரக்கணக்கில் கொடுத்து, இருக்கிற படையையும் தேய்த்துக்கொள்கிறோம். பெருநாளைக்கு வாகனம் மினுங்க வேண்டும் என்றால் நல்ல பொடி வொஷ்ஷும் ஒரு கை வெக்ஸும் போதும்.

கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கும் வருவோம். கடற்கரை வீதியில் ஓடுகிற வாகனத்தில் துரு தொடங்குவது கீழே. மேலே மினுக்குவதற்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை அன்டர் வொஷ்ஷுக்குக் கொடுங்கள். பாவித்த எஞ்சின் ஒயிலைக் கீழே அடிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். அது ரப்பர் புஷ்களைப் பழுதாக்கும், மழைக்குக் கழுவுண்டு நமது மண்ணுக்கும் கிணற்றுக்கும்தான் போகும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் கூடின வளவுகளில், உச்சி வெயிலில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். காலையிலோ அஸருக்குப் பிறகோ நிழலில் கழுவி உடனே துடைத்துவிட்டால் அதற்கென்று தனி மருந்து வாங்கத் தேவையில்லை. காக்கை எச்சத்தை மட்டும் அன்றைக்கே நனைத்து எடுத்துவிடுங்கள்.

உள்ளே டாஷ்போர்டுக்கு ஈரத் துணி போதும். கண்ணாடி மாதிரி மினுங்க வைக்கிற சிலிகோன் திரவம் வெயிலில் முன் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, ஓட்டுகிறவரின் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்கிலோ பிரேக் பெடலிலோ மோட்டார் சைக்கிள் சீட்டிலோ அதைப் பூசுவது ஆபத்து, வழுக்கும். டாஷ்போர்டு வெடிக்காமல் இருக்க நல்ல சாமான் எது என்று கேட்டால், முன் கண்ணாடிக்கு வைக்கிற மடிக்கிற வெயில் மறைப்பு என்பேன்.

கடைசியாக, சேர்விஸ் ஸ்டேஷன் நடத்துகிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். அங்கே வேலை செய்கிற தம்பிமாரில் பலர் நம்மிடம் படித்த பிள்ளைகள். ரிம்மை வெளுக்க வைக்கிற சில மலிவுத் திரவங்களில் அமிலம் இருக்கிறது. வெறுங்கையோடு வேலை செய்து விரல் வெடித்த பிள்ளைகளைப் பார்க்கிறேன். லேபிள் இல்லாத கென்னில் வருவதை வாங்காதீர்கள், ரப்பர் கையுறை வாங்கிக் கொடுங்கள். அதற்காகப் பத்து இருபது ரூபா கூடக் கேட்டால் நாங்கள் தருவோம், தரவும் வேண்டும். வாடிக்கையாளராகிய நாமும் "விலையைக் குறைங்க" என்று கேட்பதற்கு முன் அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும்.

கையில் 5,000 ரூபாதான் இருக்கிறது என்றால் என் வரிசை இது: முதலில் நல்ல துணிகள், பிறகு ஒரு வாளி, பிறகு உள்ளூர் ஷெம்பு, மிச்சம் இருந்தால் ஒரு சின்ன டின் வெக்ஸ். செரமிக் ஸ்பிரே அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் என்ன பாவிக்கிறீர்கள், எது நின்றது, எது ஏமாற்றியது என்று எழுதுங்கள். வாகனம் வாங்க இருக்கிற தம்பிமாருக்கு அது உதவும், இன்ஷா அல்லாஹ்.