பள்ளியை விட்டவன் பாதாளச் சாக்கடையில்!

பாதாளச் சாக்கடையில் இறங்கிச் சாகிறவன் யார்? மந்திரி மகனா? பட்டதாரியா? பள்ளியைப் பாதியில் விட்டு மேஸ்திரி பின்னால் போன ஏழை வாலிபன்தான்!

2018 ஜனவரியில் நம் பெங்களூர் சோமசுந்தரபாளையாவில், அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் மூவர் மாண்டனர். அந்தக் குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டையாய் நாறும். அளவு மிஞ்சினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் போயிற்றென்று நம்பி இறங்குகிறவன் சில மூச்சில் சுருண்டு விழுவான். தூக்கப் போகும் அண்ணனும் விழுவான்.

பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். செத்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் மேஸ்திரியா படித்துக் காட்டுவான்?

‘படிக்காதவன், அதனால் செத்தான்’ என்று அதிகாரிகள் கைகழுவ நாம் விடமாட்டோம். பசித்தால் படித்தவனும் இறங்குவான். ஆனால் படித்தவனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வேறொரு வேலை இருக்கும்.

இலவசக் கல்விச் சட்டமோ 14 வயதோடு கைவிடுகிறது. 18 வரை நீட்டு என்று கேட்போம்! தாய்மார்களே, எஸ்.எஸ்.எல்.சி. முடிக்காத பையனை மேஸ்திரி கேட்டால் அனுப்பாதீர்கள். சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்; பள்ளிக்கு நாமும் கூட வருகிறோம்.