பூவின் பாடமும் பெண் பிள்ளைகளும்

பாடநூல் அல்லாத அறிவியல் நூல் ஒன்றைக் கையிலெடுக்கும் பெண்ணைப் பார்த்து, "இது பரீட்சைக்கு வருமா?" என்று கேட்பது நம் இல்லங்களில் வழக்கம். உயிரியலில் சில பாடங்கள் வரும்போது, "இதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைப் புரட்டிவிடும் வழக்கமும் சில பள்ளிகளில் உண்டு. இவ்விரண்டும் தவறு என்பது என் கருத்து. பிரான்சு நாட்டு ஆசிரியர் ஒருவரின் வரலாறு இதற்குச் சான்றாக நிற்கிறது.

1823-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பத்தில் பிறந்த ழான் ஆன்ரி ஃபாபரை, பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்ந்த பேரறிஞர் என்று உலகம் போற்றுகிறது. இளம் பிள்ளைகளுக்கு அறிவியல் நூல்கள் எழுதியே அவர் நெடுங்காலம் குடும்பத்தைக் காப்பாற்றினார் என்பதைப் பலர் அறியார்.

அக்காலத்தில் பிரான்சில் பெண்களுக்கு உயர்நிலைக் கல்வி அரிதாகவே கிடைத்தது. கல்வி அமைச்சர் விக்டர் துருய் 1867-இல் அவர்களுக்கெனத் தனி வகுப்புகள் தொடங்க வழிசெய்தார். அவிஞோன் நகரில் ஃபாபர் நடத்திய இலவச வகுப்புகளுக்கு இளம் பெண்களும் ஆவலோடு வந்தனர். பூ எவ்வாறு கருவுற்றுக் காயாகிறது என்பதையும் அவர் விளக்கினார். "பெண் பிள்ளைகளுக்கு இதையா கற்பிப்பது?" என்று கண்டனம் எழுந்தது. கண்டித்தவர்களுள் குருக்களும் இருந்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. குடியிருந்த வீட்டையும் அவர் காலி செய்ய நேர்ந்தது. அந்நகரில் வாழ்ந்த ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 3,000 பிராங்க் கடன் கொடுத்து உதவினார்.

ஃபாபர் சோர்ந்துவிடவில்லை, பேனாவை எடுத்தார். பால் மாமா என்பவர் எமில், ஜூல், கிளேர் என்னும் பிள்ளைகளுக்குக் கதைபோல் அறிவியல் சொல்வதாக எழுதினார். அவை அவருடைய சொந்தப் பிள்ளைகளின் பெயர்கள். எறும்பு, இடி, எரிமலை, காகிதம், பட்டு என எல்லாம் அதில் வரும். மகரந்தத்தைப் பற்றிய பாடமும் அதில் உண்டு! ஒரோர் அத்தை தன் மருமகள்களுடன் வீட்டு நிர்வாகம் பற்றி உரையாடும் நூலையும் எழுதினார். நூல் வருவாயின் துணையால் 1879-இல் செரிஞான் என்ற சிற்றூரில் வீடும் நிலமும் வாங்கி, 1915-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமலில்லை. பெண்ணின் அடக்கம் கெட்டுவிடக் கூடாதே என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். ஆனால் அறியாமை வேறு, அடக்கம் வேறு. ஆசிரியையிடம் தெளிவாகக் கேட்க முடியாததைப் பிள்ளை வேறெங்கோ அரைகுறையாகத்தான் கேட்பாள். மேலும், பூவையும் வண்டையும் படைத்தவர் இறைவன். அவர் படைத்ததைப் பற்றி அறிவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். அருட்சகோதரியரே, நூலக அலமாரியின் பூட்டைத் திறந்து, வாரம் ஒரு வகுப்பு நேரத்தை இத்தகைய நூல்களுக்கு ஒதுக்குங்கள். பெற்றோரே, பிறந்த நாளுக்குப் புத்தாடையோடு ஓர் அறிவியல் நூலும் வாங்கித் தாருங்கள். மாணவியரே, கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். உங்களுக்குப் பூவின் பாடத்தைச் சொன்னதற்காக ஓர் ஆசிரியர் வீடிழந்தார் என்பதை நினைவில் வைத்து, அப்பாடத்தை நன்றாகப் படியுங்கள்.