கூண்டைக் காட்டி ஏமாற்றாதீர்கள்

போன மாதம் அச்சரப்பாக்கத்தில் ஒரு கூட்டம். மலைப்பகுதி மக்களுக்காக என்று சொல்லி நம் பக்கத்துக்காரர் ஒருவர் பேசினார். பேச்சை எட்டுப் பக்கத் துண்டறிக்கையாகவும் அடித்திருந்தார்கள். பேருந்துக்கு நின்றிருந்த என் கையிலும் ஒன்று கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண் கலங்கியது. இரண்டாம் முறை கோபம் வந்தது. செத்துப்போன ஒரு குழந்தையை முன்னால் நிறுத்தி, இன்னும் நாலு குழந்தைகள் சாவதற்கு வழிசொல்லும் அறிக்கை அது.

அவர் வாதத்தைத் திரிக்காமல் தருகிறேன். புலியும் சிறுத்தையும் மனிதனோடு ஒரே மலையில் வாழவே முடியாது. சேர்ந்து வாழ்வது என்பது ஏசி அறைக்காரர்களின் பேச்சு. ஊர்ப்பக்கம் தலைகாட்டும் சிறுத்தையை உடனே பிடித்து அடர்காட்டில் விடவேண்டும், இல்லையென்றால் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பவேண்டும். கேரளமும் கர்நாடகமும் தங்கள் தொல்லையை நம் பக்கம் தள்ளிவிடுகின்றன, ஆகவே மலை எல்லை நெடுக வேலி போடவேண்டும்.

ஓர் இடத்தில் மட்டும் அவரோடு நிற்கிறேன். நகரத்தில் உட்கார்ந்து புலியைக் கொண்டாடுகிறவர்கள் அதற்கு ஒரு பைசா விலை கொடுப்பதில்லை. கொடுப்பவர்கள் கொழுந்து பறிக்கிற பெண்கள், மாடு மேய்க்கிற பழங்குடிகள், ஜார்க்கண்டிலிருந்து வந்து தோட்டத்து லைன் வீட்டில் தங்கியிருக்கும் தொழிலாளிகள். இதை உரக்கச் சொல்ல ஆள் வேண்டும். சொன்னார், நல்லது. அந்த விலையை யார் குறைப்பது, எப்படிக் குறைப்பது என்ற கேள்வி வந்ததும் எட்டுப் பக்கமும் ஊமையாகிவிடுகின்றன.

அறிக்கையின் முதல் பக்கத்தில் இருப்பது நீலகிரி மாவட்டத்துப் பந்தலூர்க் குழந்தை. 2024 ஜனவரியில், மேங்கோரேஞ்ச் தோட்டத்தில், வெளி மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளியின் மூன்று வயது மகள், அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பும் வழியில் சிறுத்தையிடம் சிக்கி இறந்தாள். ஊரே மறியலில் இறங்கியது. மறுநாள் மயக்க ஊசி போட்டுச் சிறுத்தையைப் பிடித்தார்கள். அதை வண்டலூருக்குக் கொண்டுவந்தார்கள். பிடித்தது சரி. குழந்தையைத் தூக்கிய விலங்கை அங்கேயே விட்டுவை என்று யாரும் கேட்கவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவும், வேறு வழியே இல்லாதபோது கொல்லவும் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. சேர்ந்து வாழலாம் என்கிறவர்கள் ஆட்கொல்லியையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று அவர் எழுதுவது பொய்.

கூண்டு வண்டலூருக்கு வந்ததோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. எனக்கு அங்கேதான் தொடங்குகிறது. மூன்று வயதுப் பிள்ளை தேயிலைக் காட்டுக்குள் நடந்துதான் அங்கன்வாடிக்குப் போய்வர வேண்டுமா? நடைபாதை ஓரத்துப் புதரை வெட்ட வேண்டியது யார் பொறுப்பு? கவனிப்பாரில்லாமல் விட்ட தேயிலையும் அதன் நடுவே மண்டும் உண்ணிச்செடியும் சிறுத்தை பகலில் படுத்துக் கிடக்கத் தோதான இடங்கள் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் எவருக்கும் தெரியும். தோட்ட நிர்வாகம் என்ற சொல்லே எட்டுப் பக்கத்தில் ஓர் இடத்திலும் இல்லை.

கூடலூர், பந்தலூர் வட்டங்களைப் பற்றி எழுதுகிறவர் பிரிவு 17 நிலம் என்ற பேச்சைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டாரா? 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் யாருடையவை என்ற வழக்கு அரை நூற்றாண்டாக இழுக்கிறது. அந்த நிலத்தில் குடியிருக்கிறவர்களில் பலர் மின் இணைப்புக்கு மனு எழுதியே கிழவர்களாகிவிட்டார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து வந்து சேர்ந்த நம் சனங்களும் அவர்களில் உண்டு. வாசலில் விளக்கில்லாத, வீட்டுக்குள் கக்கூஸ் இல்லாத குடும்பம் இருட்டில் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். சிறுத்தை அலைகிற நேரமும் அதுதான். இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலை மக்களின் வழக்கறிஞராக வேடம் போடுவது அந்த மக்களுக்கே இழைக்கிற அவமரியாதை.

அடுத்து, அவருடைய மருந்து. பிடி, கொண்டுபோய்க் காட்டில் விடு. இது புதிய யோசனை என்று நினைக்கிறார் போலிருக்கிறது. மராட்டியத்தில் புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை இதைத்தான் செய்தார்கள். கரும்புக் காட்டில் நடமாடிய சிறுத்தைகளைக் கூண்டு வைத்துப் பிடித்து, சராசரியாக 40 கிலோமீட்டர் தள்ளிக் காடுகளில் விட்டார்கள். என்ன நடந்தது என்று வித்யா ஆத்ரேயாவும் சக ஆய்வாளர்களும் கணக்கெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி நாலு பேரைத் தாக்கிய சிறுத்தைகள், அந்த ஆண்டுகளில் சராசரி 17 பேரைத் தாக்கின. தாக்குதல்களில் உயிர்போனவற்றின் பங்கு 18 விழுக்காட்டிலிருந்து 36 ஆனது. விலங்குகளைக் கொண்டுவிட்ட இடங்களின் அக்கம்பக்கத்திலும் தாக்குதல் நடந்தது.

காரணம் சிக்கலானதில்லை. சிறுத்தைக்குத் தன் எல்லை எது, தண்ணீர் எங்கே, மனிதர் எந்த நேரத்தில் எந்த வழியாகப் போவார்கள் என்பதெல்லாம் பழக்கம். அடிபட்டு, மிரண்டு, கூண்டில் கிடந்து, அறியாத காட்டில் இறக்கிவிடப்பட்ட சிறுத்தை தன் இடத்தைத் தேடி ஊர் ஊராகக் கடக்கும். அது காலி செய்த இடத்துக்கோ வேறொன்று வரும், பெரும்பாலும் அனுபவமில்லாத இளசு. மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலும் வெளியே பிடித்த சிறுத்தைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 2004இல் பூங்காவைச் சுற்றி வரிசையாகப் பிணம் விழுந்தது. அதன்பின் அந்த வழக்கத்தைக் கைவிட்டு, குப்பையை அகற்றுவதிலும் குடியிருப்பு மக்களுக்கு எச்சரிக்கை சொல்வதிலும் இறங்கிய பிறகே சாவு குறைந்தது. முற்றிலும் நிற்கவில்லை. 2021லும் 2022லும் பூங்காவை ஒட்டிய ஆரே பகுதியில் மீண்டும் தாக்குதல்கள் நடந்தன. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2011இல் மத்திய அரசே சிறுத்தைகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கண்டபடி பிடித்து இடம்மாற்றுவது கூடாது என்கின்றன. ஜுன்னரில் தோற்று, மும்பையில் தோற்று, அரசாங்கமே வேண்டாம் என்று எழுதிவைத்த ஒன்றைப் பந்தலூர்ப் பிள்ளைகளின் தலையில் கட்டப் பார்க்கிறார் இவர்.

எல்லை வேலிக்கு வருகிறேன். முதுமலை, பந்திப்பூர், நாகரஹோளே, வயநாடு எல்லாம் ஒரே காடு. அதைத் துண்டாடும் கோடு அரசாங்கம் போட்டது. 2015 பிப்ரவரியில் வயநாட்டு நூல்புழாப் பக்கம் ஒருவரைக் கொன்ற புலி, சில நாளில் நம் பக்கத்துப் பிதர்காட்டில் தேயிலை பறித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கொன்றது. பிறகு அதைச் சுட்டார்கள். இதைத்தான் அவர் ‘கேரளத்துப் புலி’ என்று எழுதிக் கொதிக்கிறார். அந்த நிகழ்வு கற்றுக்கொடுப்பது வேறு. ஒரு பக்கம் சாவு விழுந்த அன்றே, அந்த நேரத்திலேயே, மறுபக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பு நிற்கவேண்டும். அதற்கு வேண்டியது இரண்டு மாநில வனச்சரகங்களுக்கு நடுவே ஒரு பொதுவான வயர்லெஸ் அலைவரிசையும், தானியங்கிக் கேமராவில் பதிந்த புலியின் வரிகளை ஒளிவுமறைவின்றிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கமும். வரியை வைத்துத்தான் எந்தப் புலி என்று அறிய முடியும். ஆளைக் கொன்றது எது என்று தெரியாமல் கண்ணில் பட்டதைச் சுட்டால், கொன்றது காட்டுக்குள் இருக்கும், சும்மா இருந்தது செத்துக் கிடக்கும்.

2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியைக் கலக்கிய டி23 புலியை அவர் மறந்திருக்க முடியாது. நாலு பேர் சாவுக்குக் காரணம் என்று குற்றம்சாட்டப்பட்ட புலி. உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. மூன்று வாரத் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்கள். சிகிச்சைக்கு அது போனது மைசூருக்கு. நம் தொல்லையைக் கர்நாடகம் வாங்கிக்கொண்டது. எல்லைக்கு அப்பால் இருப்பவர்கள் எல்லாம் தள்ளிவிடுகிறவர்கள் என்று எழுதுமுன் இந்த ஒரு நிகழ்வையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம். இமயத்திலும் நடு ஆசியாவிலும் பனிச்சிறுத்தை வாழும் 12 நாடுகள் 2013இல் பிஷ்கெக்கில் கூடி ஒரே உடன்பாட்டுக்கு வந்தன. ஒன்றுக்கொன்று பீரங்கி நிறுத்தியிருக்கும் நாடுகளும் அவற்றில் உண்டு. ஒரே நாட்டின் மூன்று மாநிலங்களால் முடியாதா?

புலி பெருகிவிட்டது என்கிறார். உண்மை. தமிழ்நாட்டில் 2014இல் 229, 2018இல் 264, 2022இல் 306. பெருகிய புலிகளின் குட்டிகள் வளர்ந்து வெளியேற வழி வேண்டும். வேலி போட்டு அந்த வழியை அடைத்தால், வலுவில்லாததும் கிழடும் காட்டோரத்துக்கு, அதாவது மாட்டுக் கொட்டகைக்கும் லைன் வீட்டுக்கும் ஒதுங்கும். தன் வாதத்துக்காக அவர் எடுத்த எண்ணிக்கையே அவர் வேலியைச் சாய்க்கிறது.

சேர்ந்து வாழ முடியாது என்பதற்கு அவர் காட்டும் சாட்சி வால்பாறை. நான் அதே வால்பாறையை எதிர்ச் சாட்சியாக அழைக்கிறேன். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், சுற்றிலும் ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் காடுகள். அங்கே சிறுத்தை தின்பதில் மிகப் பெரும்பங்கு காட்டு இரைதான் என்று எச்சத்தை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். யானை விஷயத்தில் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்து, யானை எங்கே நிற்கிறது என்பதைத் தொழிலாளிகளின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள், சாலையோரம் சிவப்பு விளக்கு எரியவிட்டார்கள். யானை அங்கேயேதான் இருக்கிறது, உயிரிழப்பு குறைந்தது. சிறுத்தைக்கு வேண்டிய வேலை இதைவிட எளிது: லைனைச் சுற்றிப் புதர் வெட்டு, இறைச்சிக் கழிவைக் கொட்டாதே, வாசலுக்கு விளக்கு, வீட்டுக்குள் கழிப்பறை, அந்திக்கு முன் பிள்ளைகளை வீடு சேர்க்க ஒரு வண்டி. இதைச் செய்யாத இடங்களில் குழந்தைகள் இன்னமும் சாகிறார்கள். அந்தச் சாவுகளைக் கையில் எடுத்து, ‘பார்த்தீர்களா, சேர்ந்து வாழ முடியவில்லை’ என்பது, மருந்தே கொடுக்காமல் மருந்தைக் குறைசொல்வது.

நம் பக்கத்து ஆள்களுக்கு நமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லியே புரியவைக்கலாம். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் இறக்கிறார்கள். புலியும் சிறுத்தையும் அதன் பக்கத்தில்கூட வராது. மதுராந்தகம் ஏரிக்குக் கீழே நடவு வயலில் இறங்குகிற எவருக்கும் கண்ணாடிவிரியனைத் தெரியும். அதற்காக ஒவ்வொரு பாம்பையும் லாரியில் ஏற்று என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. டார்ச்சு எடுத்துப் போ, வரப்பில் பார்த்து நட, கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடு என்கிறோம். வீட்டுக்குள் வந்தால் இருளர் ஆளைக் கூப்பிடுகிறோம். அதே இருளர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் பாம்பிடம் நஞ்செடுத்து உயிர்காக்கும் மருந்துக்குக் கொடுத்துவருகிறார்கள். விஷப்பாம்போடு இந்தச் சனம் இப்படி வாழப் பழகியிருப்பதைப் பார்த்து வளர்ந்தவர்தான் சேர்ந்து வாழ்வது ஏசி அறைப் பேச்சு என்கிறார். செங்கல்பட்டு மாவட்டத்து வயக்காட்டுக்கு அவர் எத்தனை நாளாக வரவில்லை?

கூண்டு கேட்பது சுலபம். கூண்டுக்குச் செலவில்லை, அதனால் எந்தத் தோட்ட முதலாளிக்கும் கோபமில்லை, எந்த மந்திரிக்கும் சங்கடமில்லை. ஒரு நாள் செய்தியில் படம் வரும், மறியல் கலைந்துவிடும். விளக்கும் கழிப்பறையும் பட்டாவும் கேட்டால் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். யாரையாவது எதிர்க்க வேண்டும். அதற்குத் துணிவில்லாத அறிக்கை, வாயில்லாத விலங்கின் மேல் வீரம் காட்டுகிறது.

துண்டறிக்கை எழுதிய ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். மறுபதிப்பு போடுவதற்கு முன் பந்தலூருக்கு ஒரு முறை போய்வாருங்கள். மாலை ஆறரைக்குப் பிறகு பிரிவு 17 நிலத்தில் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் நின்று பாருங்கள். அங்கே விளக்கு எரிகிறதா, இல்லையா என்பதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.