புயலுக்கு எந்த ரேடியோ வாங்கலாம்?

ஐப்பசி பிறந்தால் போதும், நண்பர்கள் என்னிடம் ஆலோசனை கேட்கத் தொடங்கிவிடுவார்கள். எந்த பவர் பேங்க் நல்லது? இன்வெர்ட்டருக்கு எவ்வளவு ஆம்பியர் பேட்டரி போடலாம்? எந்த சிம் கார்டுக்கு டவர் கிடைக்கும்? இப்படிப் பல கேள்விகள். "ரேடியோ எது வாங்கலாம்?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே இந்த மாதம் அதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். காரணம், நான் இதில் ஒரு தப்பு செய்து பாடம் படித்தவன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. என் வீட்டில் இரண்டு லேப்டாப், மூன்று செல்போன், ஒரு இன்வெர்ட்டர் இருந்தன. மறுநாள் இவற்றில் எதனாலும் ஒரு செய்தி கூடத் தெரிந்துகொள்ள முடியவில்லை. டவர் இல்லாத போன் வெறும் டார்ச் லைட்தான். அப்போதே முடிவு செய்தேன், திருத்துறைப்பூண்டியில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு நல்லதாக ஒரு 'எமர்ஜென்சி ரேடியோ' வாங்கித் தர வேண்டும் என்று. அமெரிக்காவிலிருந்து வந்த உறவினர் மூலம் வரவழைத்தேன். கைப்பிடியைச் சுற்றினால் சார்ஜ் ஆகும், மேலே சோலார் தகடு, டார்ச், சைரன், டிஜிட்டல் டிஸ்பிளே எல்லாம் இருந்தன. சென்னையில் எப்.எம். பாட்டு கேட்டுப் பார்த்தேன். அருமையாக இருந்தது. ஊருக்குக் கொண்டு போய் அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முந்தைய நாள் இரவு பதினோரு மணி வரை அப்பாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். பிறகு லைன் போய்விட்டது. இரண்டு நாள் கழித்து நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் நடந்தது தெரிந்தது.

நான் வாங்கிக் கொடுத்த ரேடியோ ஆன் ஆகவே இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் சார்ஜ் செய்யாமல் கிடந்த உள் பேட்டரி செத்துப் போயிருந்தது. அப்பா கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார். சுற்றும்போது உயிர் வரும், சில நிமிடத்தில் அடங்கிவிடும். அந்தச் சில நிமிடத்திலும் எப்.எம்.-இல் இரைச்சல், மீடியம் வேவில் நசுங்கிய குரல். இரவு துணையாக எங்கள் மாடி வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார் எதிர்வீட்டுப் பெரியவர். அவருடையது கூரை வீடு. ஒரு துணி மூட்டையும், ரப்பர் பேண்டு போட்ட பழைய டிரான்சிஸ்டரும் கொண்டு வந்திருந்தார். விடிய விடியப் பேசியது அந்த டிரான்சிஸ்டர்தான்.

நள்ளிரவுக்கு மேல் காற்று கொஞ்சம் தணிந்ததாம். மாட்டை அவிழ்த்துவிடலாம் என்று அப்பா கதவைத் திறந்திருக்கிறார். "ஐயா, போகாதீங்க. இன்னும் முழுசா கரையைக் கடக்கலைன்னு ரேடியோவுல சொல்றான்" என்று பெரியவர் தடுத்திருக்கிறார். மறுபடி காற்று எழுந்தபோது கொல்லையில் நின்ற தென்னை கொட்டகையின் மேல் சாய்ந்தது. மாடு போய்விட்டது. அப்பா இருக்கிறார்.

தவறு எங்கே நடந்தது என்று பிறகு உட்கார்ந்து அலசினேன். அந்த ரேடியோ மட்டமானது அல்ல. அது நம் ஊருக்கானது அல்ல, அவ்வளவுதான்.

'வெதர்' பட்டன் நமக்கு எதற்கு?

இப்படிப்பட்ட செட்டுகளில் 'டபிள்யூ.பி.' என்று ஒரு பட்டன் இருக்கும். வெதர் பேண்ட் என்று பொருள். அமெரிக்க வானிலைத் துறை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் இருபத்து நான்கு மணி நேரமும் வானிலையை மட்டுமே ஒலிபரப்புகிறது. அபாயம் என்றால் ஒரு சிக்னல் அனுப்பும். தூங்கிக்கொண்டிருக்கும் ரேடியோ தானாக விழித்து அலறும். நடு இரவில் சூறாவளி வரும் ஊர்களில் அது உயிர் காக்கும் கருவி. நம் நாட்டில் அந்த அலைவரிசையில் அப்படி ஒரு சேவை கிடையாது. எனவே அந்தப் பட்டனுக்காகக் கொடுக்கும் காசு வீண். ஆன்லைன் கடைகளில் இதை ஒரு பெரிய வசதியாகப் போட்டு விற்கிறார்கள். ஏமாந்துவிடாதீர்கள்.

ஒன்பதா, பத்தா?

இது பலருக்கும் தெரியாத விஷயம். அமெரிக்காவில் மீடியம் வேவ் நிலையங்கள் 10 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. இந்தியாவில் 9 கிலோஹெர்ட்ஸ். திருச்சி வானொலியின் மீடியம் வேவ் எண் 936. அமெரிக்க செட்டிங்கில் உள்ள டிஜிட்டல் ரேடியோ 930-க்குப் போகும், அடுத்து 940-க்குத் தாவும். 936-இல் நிற்கவே நிற்காது. அப்பா கேட்ட நசுங்கிய குரலின் ரகசியம் இதுதான். பல செட்டுகளில் இதை 9-க்கு மாற்ற வழி உண்டு. என் செட்டிலும் இருந்தது. மேனுவலைப் புரட்டிப் பார்க்காதது என் குற்றம். முள் நகரும் பழைய டயல் ரேடியோவில் இந்தத் தொல்லையே இல்லை.

கைப்பிடியும் கணக்கும்

கைப்பிடியைச் சுற்றி செல்போனை சார்ஜ் செய்யலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5000 மில்லி ஆம்பியர் ஹவர் போன் பேட்டரியில் சுமார் 19 வாட் ஹவர் சக்தி அடங்கும். கையால் சுற்றி 2 வாட் கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் சுற்ற வேண்டும்! உள்ளங்கை அளவு சோலார் தகடு, மேகம் மூடிய புயல் நாளில் எதற்கு உதவும்?

இதற்குப் பதில் பென்சில் செல் போதும். சிறிய டிரான்சிஸ்டர் குறைந்த ஒலியில் சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுத்தால், 2500 மில்லி ஆம்பியர் ஹவர் உள்ள அல்கலைன் செல் 50 மணி நேரம் தாங்கும். தினம் நான்கு மணி நேரம் கேட்டால் பன்னிரண்டு நாள். கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. கரண்ட் வரப் பல நாட்கள் ஆன ஊர்களுக்கு இந்தக் கணக்குதான் முக்கியம். மேலும் பென்சில் செல் தெருமுனைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.

"செல்போன் இருக்கே சார்!"

இருக்கிறது. எச்சரிக்கை மெசேஜ்கள் வருகின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'சசேத்' செயலியும் இருக்கிறது. அவசியம் போட்டு வையுங்கள். புயலுக்கு முன்பு இவை பயன்படும். டவர் விழுந்த பிறகு? போனிலேயே எப்.எம். உண்டு என்பீர்கள். அந்த வசதியை முடக்கி விற்க வேண்டாம் என்று 2023-இல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டியிருந்தது. எப்.எம். இருந்தாலும் பெரும்பாலான போன்களில் இயர்போன் வயர்தான் ஆன்டெனா. புளூடூத் இயர்போன் மட்டும் வைத்திருப்பவர் என்ன செய்வார்?

என் சிபாரிசு

மீடியம் வேவ், எப்.எம். இரண்டும் உள்ள, பென்சில் செல் போடும், டயல் வைத்த எளிய டிரான்சிஸ்டர். எப்.எம். தெளிவாகக் கேட்கும், ஆனால் அதிக தூரம் வராது. மீடியம் வேவ் கரகரக்கும், ஆனால் தொலைவிலிருந்தும் வரும். பக்கத்து நிலையம் முடங்கினால் தூரத்து நிலையம் கைகொடுக்கும். அதனால் இரண்டும் வேண்டும். கைப்பிடி, சோலார் இருந்தால் போனஸ். ஆனால் செல் போட இடமில்லாத செட்டை வாங்காதீர்கள்.

வாங்கினால் மட்டும் போதாது. உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வைத்து, பகலிலும் இரவிலும் எந்த நிலையம் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். மீடியம் வேவ் ஒலிபரப்பு சில இடங்களில் நிறுத்தப்பட்டு வருவதால் பழைய நினைவை நம்ப வேண்டாம். இன்வெர்ட்டர், எல்.இ.டி. பல்பு பக்கத்தில் இரைச்சல் வரும். தள்ளி வைத்து, செட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கிடைத்த எண்களைத் தாளில் எழுதிப் பின்பக்கம் ஒட்டிவிடுங்கள். செல்லை உள்ளே விட்டு வைத்தால் கசிந்து செட்டைக் கெடுக்கும். கழற்றி, செட்டோடு ஒரே கவரில் போட்டு வையுங்கள். வருடா வருடம் ஐப்பசி முதல் தேதி ஒரு முறை போட்டுப் பாருங்கள். முக்கியமாக, வீட்டில் உள்ள பெரியவர்களை இருட்டில் அதை ஆன் செய்து காட்டச் சொல்லுங்கள். அவர்களால் முடியவில்லை என்றால் அது எவ்வளவு விலை உயர்ந்த செட்டாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஏற்றதல்ல.

அமெரிக்க ரேடியோ இப்போது என் மேசையில் இருக்கிறது, டார்ச் லைட்டாக. அப்பா தலைமாட்டில் இருப்பது ஒரு இரண்டு பேண்டு டிரான்சிஸ்டர். எதிர்வீட்டுப் பெரியவரே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்துத் தந்தது.