கதைக்கு என்ன விலை?

"கதை எழுதிப் பிழைக்கிற நீங்களே கதைக்கு விரோதியாகிவிட்டீர்களே, ஸார்!" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். கேட்டவர் லேசுப்பட்டவர் அல்ல. பழம்பொருள்களில் மோகமுள்ளவர். வீட்டுக் கூடத்தில் இரண்டு கிராமபோனும், ஓடாத சுவர்க் கடியாரங்கள் நாலைந்தும் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறவர். பேச்சு எப்படியோ பழைய ரைபிள்களின் விலைக்கு வந்து சேர்ந்தது. வயசும், அதைச் சுற்றியுள்ள கதையும்தான் ஒரு பழைய துப்பாக்கிக்கு விலையைத் தருகின்றன என்பது அவர் கட்சி. வயசு விலை ஆகாது, அத்தாட்சி இல்லாத கதை விலையே ஆகாது என்பது என் கட்சி. இரவு பத்து மணி வரைக்கும் வாதாடினோம். அவர் ஒப்பவில்லை. போகும்போது படியில் நின்று திருப்பிக்கொண்டு சொன்ன வாக்கியம்தான் மேலே இருப்பது.

எனக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தீபாவளித் துப்பாக்கிக்கு மேல் நான் எதையும் சுட்டதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன். அந்தத் தப்புக்குப் பணம் கொடுத்தவன் என் ஒன்றுவிட்ட தம்பி.

அவன் அமெரிக்காவில் அரிஸோனா மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கிறான். 2018-ல் ஒரு கடையில் வின்செஸ்டர் கம்பெனியின் 1873-ம் வருஷத்து மாதிரி ரைபிள் ஒன்றைப் பார்த்தான். கண்ணாடி மாதிரி பளபளத்ததாம். கூடவே டைப் அடித்த ஒரு காகிதம். 1881-ல் டூம்ஸ்டோன் ஊரில் நடந்த பிரசித்தமான தெருச் சண்டையின்போது அங்கே இருந்த ஒரு காவல் உத்தியோகஸ்தன் கையில் இருந்த துப்பாக்கி இது என்று அதில் எழுதியிருந்தது. விலை ஆறாயிரத்து ஐந்நூறு டாலர். ஊரில் சித்தப்பா வீட்டு ஓடு முழுவதையும் மாற்றுவதற்காக அவன் சேர்த்து வைத்திருந்த பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். எனக்கு டெலிபோன் பண்ணினான். "என்ன அண்ணா, வாங்கலாமா?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமோ? "சரித்திரமே உன் கைக்கு வருகிறது, விடாதே!" என்றேன். சொன்னதோடு நிற்காமல், அந்த உத்தியோகஸ்தன் எப்படிப்பட்டவனாக இருந்திருப்பான், அவன் மனைவி வாசலில் எப்படிக் காத்திருந்திருப்பாள் என்றெல்லாம் அரைமணி நேரம் கற்பனை பண்ணிப் பேசினேன். கடைக்காரன் ஆரம்பித்த கதையை நான் முடித்து வைத்தேன்.

அமெரிக்காவில் வையோமிங் மாநிலத்தில் கோடி என்று ஓர் ஊர் இருக்கிறது. நம் கணக்குக் கோடி அல்ல. பஃபலோ பில் என்று பேர் வாங்கிய வில்லியம் கோடியின் பெயரால் ஏற்பட்ட ஊர். அங்கே உள்ள துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் கம்பெனியின் பழைய கிடங்குப் பேரேடுகள் பத்திரமாக இருக்கின்றன. துப்பாக்கியின் வரிசை எண்ணைச் சொல்லிக் கட்டணம் கட்டினால், அது எந்தத் தேதியில் கிடங்குக்கு வந்தது, எந்தத் தேதியில் வெளியே போனது, குழல் எண்பட்டையா உருண்டையா என்பன போன்ற விவரங்களுடன் ஒரு கடிதம் கிடைக்கும். தம்பி வாங்கிய பிறகுதான் எழுதிக் கேட்டான். பதில் வந்தது. அவன் துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளியேறியது 1891-ல்! தெருச் சண்டை முடிந்து, செத்தவர்களைப் புதைத்துப் பத்து வருஷம் கழித்து!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1881 அக்டோபர் 26-ந் தேதி நடந்த அந்தச் சண்டை அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. அதில் வெடித்தவை கைத்துப்பாக்கிகளும் ஒரு ஷாட்கன்னும்தான். இந்தச் சமாசாரம் சரித்திரப் புத்தகங்களில் எல்லோருக்கும் கிடைக்கும். நான் ஒரு புத்தகத்தைப் புரட்டியிருந்தால் போதும். புரட்டவில்லை. கதை நன்றாயிருந்தது, அதனால் புரட்டவில்லை.

சரி, வயசைப் பற்றிப் பேசுவோம். 1873-ம் வருஷ மாதிரியில் ஏழு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் செய்து விற்றிருக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் இருபத்தையாயிரத்துக்கு அதிகம். முதலில் ஐம்பது டாலராக இருந்த விலை அந்த வருஷம் இருபத்தைந்தாக இறங்கியிருந்தது. குடியானவன், மாட்டுக்காரன், சுரங்கக் கூலி எல்லோரும் வாங்கிய சரக்கு அது. நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டதனால் மட்டும் அது அபூர்வமாகிவிடாது. என் பாட்டி காலத்து ஆட்டுக்கல்லுக்கும் அவ்வளவு வயசு உண்டு. அமெரிக்கச் சட்டம் 1898-லும் அதற்கு முன்னும் செய்த துப்பாக்கியைப் பழம்பொருள் என்று ஒதுக்கி வைக்கிறது. அது விற்பனைக்கான சலுகை. விலைக்கான சிபாரிசு அல்ல. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அநேகர். (நம் நாட்டில் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டம், பழமை மதிப்புள்ள ஆயுதமாக இருந்தாலும், பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருந்தால்தான் விலக்கு அளிக்கிறது. பரணில் தாத்தா துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்கள் விலையை யோசிக்குமுன் இதை யோசிப்பது நல்லது.)

அபூர்வம் என்பதும் நிலையான குணமல்ல. பிரிட்டிஷ் ராணுவத்தின் மார்ட்டினி-ஹென்றி ரைபிள் அமெரிக்காவில் ஒரு காலத்தில் சுலபத்தில் அகப்படாத பொருள். 2003-ல் இரண்டு வியாபாரிகள் சேர்ந்து நேபாளத்தில், காத்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் மலையாகக் குவிந்து கிடந்த ஆயுதங்களை அப்படியே வாங்கிக் கப்பலேற்றினார்கள். மார்ட்டினிகள், 1853-ம் வருஷ மாதிரி என்ஃபீல்டுகள், நேபாளத்திலேயே ஜெனரல் கஹேந்திர ஷம்ஷேர் அமைத்த துப்பாக்கிகள் எல்லாம் ஆயிரக்கணக்கில், அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்குமாக வந்து இறங்கின. பட்டியலைப் பார்த்து எழுதினால் வீடு தேடி வரும் சரக்காகிவிட்டது மார்ட்டினி. முந்தின நாள் வரைக்கும் "இது அபூர்வம்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தவரின் துப்பாக்கியில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. விலை மட்டும் மாறிவிட்டது.

பளபளப்பு வேறு இருக்கிறது. அதைப்பற்றி நமக்குத் தனியாகவே சொல்லவேண்டும். நாம் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகியவர்கள். துலக்காத பித்தளை வீட்டுக்கு மூதேவி என்று வளர்ந்தவர்கள். என் தம்பியும் அப்படித்தான். அந்த ரைபிளில் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பித்தளைத் துண்டு ஒன்று உண்டு. நூறு வருஷத்துக்கு மேல் கறுத்துப் பழுத்திருந்த அதை பிராஸோ போட்டுத் தேய்த்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். "பாருங்கள் அண்ணா, தங்கம் மாதிரி!" நான் "சபாஷ்" என்றேன்.

விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அமெரிக்கத் தேசிய ரைபிள் சங்கம் பழந்துப்பாக்கிகளுக்குத் தர வரிசை ஒன்று வகுத்திருக்கிறது. அதில் "மிக நேர்த்தி" என்ற தரம் கிடைக்கவேண்டுமானால், பாகங்கள் எல்லாம் ஆதியில் வைத்தவையாகவும், தொழிற்சாலையில் ஏற்றிய கருநீலப் பூச்சில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் மிஞ்சியும் இருக்கவேண்டும். "நேர்த்தி" என்பதற்கு முப்பதுக்கு மேல். "மிக நன்று" என்பதற்கு முப்பதிலிருந்து சைபர் வரைக்கும்! ஆக, பூச்சு முழுவதும் தேய்ந்து சாம்பல் நிறமாகப் போன துப்பாக்கிகூட, யாரும் கை வைக்காமலிருந்தால் "மிக நன்று". சுத்தம் செய்து புது நீலம் ஏற்றியது அதற்கும் ஒருபடி கீழே, வெறும் "நன்று". உழைத்துக் கெடுத்ததற்கு இதைவிடத் தெளிவான மார்க் பட்டியல் எங்கே உண்டு?

காரணம் இல்லாமல் இப்படி வகுக்கவில்லை. புது நீலத்தை எத்தனை துப்பாக்கிக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். 1891-ல் ஏற்றிய நீலத்தை இனி ஒருவராலும் ஏற்ற முடியாது. அது உள்ள துப்பாக்கிகளின் எண்ணிக்கை குறையுமே ஒழியக் கூடாது. அதோடு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது சாட்சிகளும் சேர்ந்து தேய்கின்றன. குழலின் மேல் வெட்டியிருக்கும் கம்பெனிப் பெயரும் பேட்டெண்ட் தேதிகளும் மெலிந்து போகும். எண்பட்டைக் குழலின் கூர் விளிம்பு சோப்புக் கட்டி மாதிரி மழுங்கிவிடும். திருகாணித் தலையின் பள்ளம் அகன்றிருந்தால், யாரோ கழற்றியிருக்கிறான் என்று அர்த்தம். எல்லாவற்றையும்விட மோசமான சாட்சி, துரு தின்ற சிறு குழிகளுக்குள்ளேயும் நீலம் படிந்திருப்பது. துரு வந்த பிறகு பூசியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். தம்பியின் துப்பாக்கியில் இவ்வளவும் இருந்தன. எல்லாம் கடையிலேயே இருந்தன. அவன் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தான், துப்பாக்கியைப் பார்க்கவில்லை.

இங்கேதான் என் நண்பர் குறுக்கிட்டார். "1886-ம் வருஷ மாதிரியில் முதல் எண் போட்ட வின்செஸ்டர் 2016-ல் பன்னிரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்றே, அது கதைக்காக இல்லையா? பெர்க்ஷயரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து எடுத்த திப்பு சுல்தான் துப்பாக்கி 2019-ல் அறுபதாயிரம் பவுனுக்குப் போயிற்றே, அது?" என்றார்.

அந்த வின்செஸ்டர், ஜெரோனிமோவைத் தேடிப் போன படைக்குத் தலைமை வகித்த காப்டன் ஹென்றி லாட்டனுக்கு ஆல்பி என்ற நண்பர் பரிசாகக் கொடுத்தது. கொடுத்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் துப்பாக்கியிலேயே வெட்டியிருக்கின்றன. எண் ஒன்று என்பது இரும்பில் பதிந்த எண். இங்கே கதை துப்பாக்கியின் மேலேயே எழுதியிருக்கிறது. பக்கத்தில் டைப் அடித்து வைத்த காகிதத்தில் அல்ல. திப்புவின் துப்பாக்கியும் அப்படியே. (அது ரைபிள் அல்ல, புரியில்லாத குழல் என்பதை என் நண்பர் கவனிக்கவில்லை, போகட்டும்.) திப்புவின் பட்டறையில் செய்தவற்றில் புலிவரி இருக்கும், புலித்தலை இருக்கும், ஸ்ரீரங்கப்பட்டணத்து முத்திரையும் அவரே ஏற்படுத்திய சகாப்தத்தின் வருஷமும் இருக்கும். பரணில் வைத்திருந்த குடும்பம் கம்பெனிப் படையின் மேஜர் ஒருவருடைய வாரிசுகள். பொருளும் பேசிற்று, வந்த வழியும் பேசிற்று. இரண்டும் ஒரே சொல்லைச் சொன்னதால் பணம் வந்தது.

இரும்பில் வெட்டியிருந்தால் உடனே நம்பிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் பிரிட்டிஷ் ரைபிள்களைக் கைவேலையாகவே நகல் செய்கிறார்கள். கிரீடம், விக்டோரியா ராணியின் இரண்டெழுத்து, வருஷம் எல்லாம் வெட்டிவிடுவார்கள். ராணி இறந்தது 1901 ஜனவரியில். ஆனால் அந்த எழுத்துக்களின் கீழே அதற்குப் பின் வந்த வருஷங்கள் இருக்கும்! என்ஃபீல்டு என்ற பெயரில் ஓர் ஆங்கில எழுத்து தலைகீழாக நிற்கும். இங்கிலீஷ் படிக்கத் தெரியாத கை, பார்த்ததை வரைந்திருக்கிறது. எனக்கு அந்தக் கொல்லனிடம் கோபம் வரவில்லை. ஆப்கானிஸ்தானத்துக் கடைவீதியில் அதை வாங்கிக்கொண்டு போன வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு இங்கிலீஷ் தெரியுமே! அவன் ஏன் படிக்கவில்லை?

ஒன்றை நான் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். கதை கிராக்கியை உண்டாக்கும். 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்து "வின்செஸ்டர் 73" என்ற படம் வந்தது. "ஆயிரத்தில் ஒன்று" என்று கம்பெனியார் குழலில் வெட்டி, நூறு டாலருக்கு விற்ற விசேஷ ரைபிளைச் சுற்றி நடக்கும் கதை. படத்தை விளம்பரப்படுத்த, அந்த ரகத் துப்பாக்கி யாரிடமாவது இருக்கிறதா என்று நாடு முழுவதும் தேடினார்கள். சேகரிப்பவர்களுக்கு அதன்மேல் மோகம் கூடியது. அந்த ரகத்தில் செய்தவை நூற்று முப்பதுக்குச் சற்று மேல்தான். ஆகவே விலை ஏறிற்று. ஆனால் ஏறியது யாருக்கு? பேரேட்டில் பெயருள்ள துப்பாக்கிக்கு. சாதாரணத் துப்பாக்கியில் பின்னால் "ஆயிரத்தில் ஒன்று" என்று வெட்டிக்கொண்டு வந்தவர்கள் பேரேட்டைத் திறந்ததும் மாட்டிக்கொண்டார்கள். சினிமா ஒரு ரகத்துக்கே மோகத்தை உண்டாக்கலாம். உங்கள் கையில் இருக்கும் ஒன்று அந்த ரகம்தானா என்பதைச் சினிமா சொல்லாது.

என் தொழிலுக்கு நேர் எதிரான ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2014 நவம்பரில் நெவாடாவின் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில், ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்ந்தபடி 1873 மாதிரி ரைபிள் ஒன்று அகப்பட்டது. கட்டை வெளுத்து வெடித்து, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. 1882-ல் தொழிற்சாலையை விட்டது என்பதைக் கோடி நகரத்துப் பேரேடு சொல்லிற்று. யார் வாங்கியது, யார் சாய்த்து வைத்தது, ஏன் திரும்பி வரவில்லை? ஒன்றும் தெரியாது. என்னைப் போன்றவன் கையில் கிடைத்திருந்தால் இரண்டு நாவல் ஆகியிருக்கும்! அருங்காட்சியகத்தார் என்ன செய்தார்கள்? எக்ஸ்ரே எடுத்தார்கள். கட்டைக்குள் ஒரே ஒரு தோட்டா இருந்தது. அது 1887-க்கும் 1911-க்கும் இடையில் செய்தது என்று கண்டார்கள். உதிர்கிற மரத்தை மேலே உதிராமல் நிறுத்தினார்கள். பாலிஷ் போடவில்லை. பெயர் சூட்டவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதி வைத்தார்கள். அந்த அடக்கம் எனக்குப் பொறாமையாக இருந்தது.

தம்பி தன் துப்பாக்கியை விற்க முயன்றான். கடைகளில் சீட்டில் போட்டிருக்கும் விலைகளைப் பார்த்து முதலில் தைரியமாகத்தான் இருந்தான். கேட்கிற விலை வேறு, கொடுத்துத் தீர்ந்த விலை வேறு என்பது பிற்பாடு தெரிந்தது. அதே மாதிரி, அதே நிலையில் உள்ளவை ஏலங்களில் போன கணக்கைக் காட்டி, ஒருவர் ஆயிரத்து இருநூறு டாலர் தருவதாகச் சொன்னார். அன்று ராத்திரி எனக்குக் கூப்பிட்டான்.

"அண்ணா, நான் வாங்கின காகிதம் அப்படியே இருக்கிறது. அதே கதையைச் சொல்லி வேறு யாருக்காவது விற்றால் என்ன? என்னிடம் அப்படித்தானே விற்றான்!"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஓடு மாற்றாத வீட்டில் அந்த வருஷ ஐப்பசி மழையில் சித்தப்பா ஏழு இடத்தில் பாத்திரம் வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பிறகு சொன்னேன்: "கோடியிலிருந்து வந்த கடிதத்தையும் சேர்த்துக் கொடு. காகிதம் வேண்டுமென்கிறவன் இரண்டையும் படித்துவிட்டு வாங்கட்டும். ஓட்டுக்குக் குறைகிற பணத்தில் பாதி என்னுடையது."

அவன் "ஏன் அண்ணா, உங்களுக்கு என்ன வந்தது?" என்றான்.

அரைமணி நேரம் டெலிபோனில் பேசியதற்கு என்றேன். துப்பாக்கி இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது. பித்தளை மறுபடியும் கறுக்க ஆரம்பித்திருக்கிறதாம். தேய்க்கவில்லை என்று எழுதியிருக்கிறான்.