டாக்டர் மீது கேஸ் போடலாமா? குரூப் சண்டைக்கு என் பதில்



போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். சிகிச்சையில் நோயாளி இறந்தால் டாக்டர் மீது கிரிமினல் கேஸ் போடலாமா என்பதுதான் விஷயம். ஒரு பக்கம் டாக்டரான மாணவன். மறுபக்கம் ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பறிகொடுத்தவன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இருவரும் கோபத்தில் குரூப்பை விட்டே போய்விட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு திருத்தம் (வாத்தியார் புத்தி போகாது). புதிய சட்டத்தில் டாக்டர்களுக்கு முழு விலக்கு என்று ஒருவர் ஃபார்வர்ட் போட்டிருந்தார். தவறு. 1.7.2024 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவின்படி, அலட்சியத்தால் மரணம் நேர்ந்தால் 5 ஆண்டு வரை சிறை. பதிவு பெற்ற டாக்டர் சிகிச்சை செய்யும்போது நேர்ந்தால் 2 ஆண்டு வரை, அபராதமும் உண்டு. பழைய 304ஏ பிரிவிலும் எல்லோருக்கும் 2 ஆண்டுதான். மற்றவர்களுக்குக் கூட்டினார்கள், டாக்டருக்குக் கூட்டவில்லை. சலுகை அவ்வளவே.

உண்மையான பாதுகாப்பு 5.8.2005 அன்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. லூதியானாவில் மூச்சுத் திணறிய நோயாளிக்கு மாட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது என்பது புகார். மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால் மட்டுமே டாக்டர் மீது குற்ற வழக்கு. அதற்கு முன் அந்தத் துறை தெரிந்த வேறொரு டாக்டரிடம், முடிந்தவரை அரசு டாக்டரிடம், போலீஸ் கருத்து வாங்க வேண்டும். எடுத்ததுமே கைது கூடாது என்று தீர்ப்பு வந்தது.

அப்புறமும் என்ன நடந்தது? 2022 மார்ச்சில் ராஜஸ்தான் தௌசா மாவட்டத்தில், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் ஒரு தாய் இறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம் கூடியதும் போலீஸ் டாக்டர் அர்ச்சனா சர்மா மீது கொலை வழக்கே பதிந்தது. அந்த டாக்டர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1988-ல் என் தங்கைக்கும் இரண்டாவது பிரசவத்தில் இதே ரத்தப்போக்குதான். ராத்திரி "மதுரைக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். வாடகைக் கார் கொடைரோடு தாண்டும்போதே போய்விட்டாள். மறுநாள் புகார் எழுதி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் வாசல் வரை போனேன். அப்பாதான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். டாக்டர் தவறு செய்தாரா, யாராலும் காப்பாற்ற முடியாத நிலைமையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் எங்களை உட்கார வைத்துச் சொல்லவில்லை. இத்தனை வருடமும் அவரை மனதுக்குள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியே வைத்திருக்கிறேன். அவர் மேல் தப்பில்லை என்றால் நான் செய்தது என்ன?

டாக்டருக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேஸுக்குப் பயந்தவர் சிக்கலான நோயாளியைத் தொடாமல் மதுரைக்கு எழுதிக் கொடுப்பார். அந்த அறுபது கிலோமீட்டரில் போவது நம் வீட்டு உயிர்.

ஆனால் டாக்டரான என் மாணவனே, நீயும் ஒன்றை யோசி. உன்னைப் பற்றிப் பக்கத்துத் தெரு டாக்டர் சொல்லும் கருத்தை, பிணத்தோடு நிற்பவன் எப்படி நம்புவான்? இப்போது திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருந்தாலும் நம் ஊர்ப் புகாரை வெளிமாவட்டக் கல்லூரிக் குழுதான் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலைக் குடும்பத்துக்குத் தமிழில் கொடுக்க வேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதியே சொல்கிறது. எத்தனை பேர் கேட்டு வாங்குகிறோம்?

நம் பேட்சில் எஸ்.ஐ. ஆக இருப்பவன் இதைப் படித்தால், இப்படிப் புகார் வந்தால் யாரிடம் கருத்து கேட்கிறாய், எத்தனை நாளில் வருகிறது என்று கீழே எழுது. குரூப்பை விட்டுப் போன இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு என் வீட்டுக்கு வாருங்கள். இரண்டு பேரும் வர வேண்டும்.