திருவடி காட்டும் வழி

கொல்லிமலையை அடுத்த சேந்தமங்கலத்தில், சந்நியாசிக் கரடு என வழங்கும் குன்றில் தத்தாத்ரேயர் கோயில் கொண்டுள்ளார். ஓரிடத்தில் தங்காது உலவித் திரிந்த அவதூதர் அவர். நிலம், நீர், காற்று, தேனீ எனத் தாம் கண்ட 24 பொருள்களையும் உயிர்களையும் குருவாகக் கொண்டார் என்பர் பெரியோர். நடந்த வழியே அவருக்குப் பாடசாலையாயிற்று.

அங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள நாமக்கல்லில், இறைவனின் நடையையே பாறையில் தரிசிக்கலாம். நரசிம்மர் குடைவரையில் திரிவிக்கிரமர் ஒரு திருவடியை விண்ணோக்கி உயர்த்தி நிற்கிறார். மாவலியிடம் மூன்றடி மண் கேட்ட வாமனர் ஓங்கி உலகளந்த அந்தக் கணத்தை, ஏடு படிக்க அறியாதவரும் கண்டு உணருமாறு சிற்பி கல்லில் நிறுத்திவிட்டார்.

இறைவன் மூன்றடியில் அளந்த உலகை அடியார்கள் அடிமேல் அடி வைத்துக் கடந்தனர். அவர்தம் பயணங்களும் கோயில்களில் கலையாக மலர்ந்தன. சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்லும் காட்சி, தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் சோழர் கால ஓவியமாக விளங்குகிறது. இறைவன் உறையும் மலையைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்த காரைக்கால் அம்மையாரைத் தாராசுரத்துச் சிற்பத்தில் காணலாம்.

முதுமையில் கயிலைக்குப் புறப்பட்டவர் அப்பர் பெருமான். பாதங்கள் தேய்ந்தன; கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய, மார்பால் ஊர்ந்தார்; இறுதியில் உடலையே புரட்டிச் சென்றார். முனிவராக வந்த சிவபெருமான் அவரைத் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்குமாறு பணித்தார். அப்பர் எழுந்தது திருவையாற்றுக் குளத்தில். கண்ட உயிர்கள் யாவும் சிவமும் சக்தியுமாகத் தோன்ற, கயிலைக் காட்சி அங்கேயே கிட்டியது. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று திருவையாற்றில் அது விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

ஆகவே, முழங்கால் நோவால் மலையேற இயலாத முதியோர் மனம் தளர வேண்டுவதில்லை. அப்பர் பெருமானுக்குக் கயிலை கிட்டியது கால்கள் ஓய்ந்த பின்னரே. உள்ளூர்க் கோயில் தூணருகே அமர்ந்து, அதில் உள்ள சிற்பத்தின் கதையைப் பேரக் குழந்தைக்கு எடுத்துரைப்பதும் ஒரு யாத்திரையே. தாம் நடந்த வழியை அடுத்த தலைமுறைக்குக் காட்டுபவர், அமர்ந்த இடத்திலிருந்தே ஆண்டவனை நோக்கி நடக்கிறார்.